முள்ளம்பன்றி தொடுத்த கிழங்கு வழக்கு

ஒரு காட்டில் சிறு கடன்களுக்கென்று தனியாக ஒரு நீதிமன்றம் திறந்தார்கள். அதுவரை அங்கே கடனைத் திருப்பித் தராதவர்களுக்குக் கடிதான் கிடைத்துக்கொண்டிருந்தது. இனி யாரும் யாரையும் கடிக்கக் கூடாது, மனுதான் கொடுக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள்.

அங்கே மாடத்தி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். புருஷன் செத்துப்போய்விட்டான். பிள்ளைகள் பிழைப்புக்காக வேறு காட்டுக்குப் போய்விட்டார்கள். முள் குத்திவிடுமோ என்று பயந்து அக்கம்பக்கத்தில் யாரும் அவளை நெருங்கி உட்காருவதில்லை. மழைக்காலத்துக்காக ஒரு மூட்டை கிழங்கு சேர்த்து வைத்திருந்தாள். அதைக் கேட்டுத் தங்கப்பாண்டி என்ற கரடி வந்து நின்றான்.

“மக கல்யாணம், தங்கச்சி. விருந்துக்குக் கிழங்கு போதலை. முதல் மழை விழுறதுக்குள்ள மூட்டை உன் வாசல்ல இருக்கும்.”

கொடுத்தாள். மழை விழுந்தது. மூட்டை வரவில்லை. கேட்கப் போனால் ஒரு நாள் பல்வலி என்றான். இன்னொரு நாள் சம்பந்தி வந்திருக்கிறார் என்றான். கடைசியில் மரத்தில் ஏறிக்கொண்டு, “நான் ஊர்ல இல்லை” என்று அவனே சொல்லிவிட்டான்.

மாடத்திக்கு வயிறு எரிந்தது. அதில் சாப்பாடும் இல்லை. நேராக நீதிமன்றத்துக்குப் போனாள். அங்கே மரங்கொத்திதான் குமாஸ்தா. ‘டொக் டொக்’ என்று மனுவைத் தட்டிக்கொண்டே, “கடன் கொடுத்ததுக்குச் சாட்சி உண்டா?” என்று கேட்டது.

“கல்யாணத்துல சாப்பிட்டவங்க எல்லாரும் சாட்சிதான்.”

“அவங்க யாரும் வர மாட்டாங்க. சாப்பிட்டவங்க எப்பவும் எதிர்த்தரப்பு” என்றது மரங்கொத்தி.

விசாரணை நாளன்று ஆற்றில் வெள்ளம். நீதிமன்றம் அக்கரையில். மாடத்தி கரையில் தவித்துக்கொண்டு நின்றாள். சம்மனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரடி வந்து சேர்ந்தான்.

“என்ன தாயி, என் மேல கேஸ் போட்டிருக்கியாமே?”

“ஆமா அண்ணாச்சி. போட்டிருக்கேன்.”

“நீ வரலைன்னா கேஸ் தள்ளுபடியாம்.”

மாடத்தி வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது. கரடி கொஞ்ச தூரம் தண்ணீரில் இறங்கினான். பிறகு திரும்பி வந்தான்.

“தனியா அவ்வளவு தூரம் நடக்க எனக்கும் போரடிக்கும். முதுகுல ஏறு. முள்ளை மட்டும் படிய வச்சுக்க.”

அக்கரையில் பொட்டலத்தைப் பிரித்தான். அவன் பெண்டாட்டி தேனடையும் இலுப்பைப் பூவும் கட்டிக் கொடுத்திருந்தாள். பாதியை மாடத்தி பக்கம் தள்ளினான். அவள் கொஞ்சம் முறைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

நீதிபதி ஒரு காட்டெருமை. நிதானமானவர். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, “அசைபோட்டுப் பார்க்கணும். அடுத்த மாசம் வாங்க” என்றார்.

அடுத்த மாதமும் அசைபோட்டார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. நீதிமன்றத்துக்குள் மாடத்தி, “திருட்டுக் கரடி!” என்று கத்துவாள். கரடி, “பொய்க் கேஸ் எஜமான்!” என்று மார்பில் அடித்துக்கொள்வான். வெளியே வந்ததும், “இன்னைக்கு நல்லாத் திட்டினே தாயி” என்று பொட்டலத்தைப் பிரிப்பான். போகும் வழியில் அவள் செத்துப்போன புருஷனைப் பற்றிச் சொல்வாள். திரும்பும் வழியில் அவன் புது மருமகனைப் பற்றிப் புலம்புவான். மாடத்தி உடம்பில் சதை போட்டது. வாய்தாவுக்கு முதல் நாளே முள்ளை எல்லாம் வாரி வைத்துக்கொள்ளத் தொடங்கினாள்.

ஒரு நாள் காட்டெருமை மென்றதை விழுங்கிவிட்டார்.

“கரடி இன்று சாயங்காலத்துக்குள் ஒரு மூட்டை கிழங்கு கொடுக்க வேண்டும். வழக்கு முடிந்தது.”

ஜெயிலுக்குப் பயந்து கரடி நாலு காலாலும் தோண்டி, பொழுது சாயும் முன் மூட்டையை இறக்கிவிட்டுப் போனான். மாடத்தி ஜெயித்துவிட்டாள். அடுத்த மாதம் பழக்கதோஷத்தில் ஆற்றங்கரை வரை போய் நின்றாள். யாரும் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கிழங்கை அவித்தாள். தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மூட்டையை இழுத்துக்கொண்டு கரடி வீட்டுக்குப் போனாள். பெண்டாட்டி சொன்னபடி அவன் குகையைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

“என்ன தாயி, எடை குறையுதா?” என்று பயந்துபோய்க் கேட்டான்.

“இல்ல அண்ணாச்சி. இதைக் கடனா வச்சுக்கிடுங்க.”

“இப்ப வீட்டுல விசேஷம் ஒண்ணும் இல்லையே.”

“விசேஷமா கேட்டேன்? வாங்கிக்கிடுங்க. ஆனா ஒண்ணு, திருப்பித் தரக் கூடாது.”

கரடி அவளைப் பார்த்தான். கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தான். மெதுவாக அதைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

“சத்தியமா ஒரு கிழங்குகூடத் திரும்பாது.”

“நம்பலாமா?”

“என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா தாயி?”

அன்றே இருவரும் ஆற்றைக் கடந்து நீதிமன்ற வரிசையில் நின்றார்கள். “யார் மேல வழக்கு?” என்று கேட்டது மரங்கொத்தி. மாடத்தி வாய் திறப்பதற்குள் கரடி முந்திக்கொண்டான்.

“என் மேலதான். பேரை ஒழுங்கா அடிங்க. வாய்தாவை மட்டும் தேன் கிடைக்கிற மாசமாப் பார்த்துப் போடுங்க.”

நீதி: தருகிறேன் என்று சொல்லிக் கடனைத் தராதவன் மோசக்காரன். தர மாட்டேன் என்று சொல்லி, சொன்னபடியே தராதவன் நாணயஸ்தன். வழக்குப் போடுவதென்றால் அவன் மேல் போடு.