பிராக்கெட்டும் கோவளம் போன ஷிப்ட் பஸ்ஸும்

நாவலூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் ஓ.எம்.ஆர். ரோட்டில் வரிசையாக நிறுத்திச் சலித்தாலும், எங்கள் பிராக்கெட்டைப் போல ஒரு சந்தேகப் பிராணி அகப்படாது. பெற்ற தாயே "சாப்பாடு ரெடிப்பா" என்று கூப்பிட்டாலும், மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கை கழுவப் போவாராம். அவரே சொன்னது இது. அதுவும் பெருமையாக.

நிஜப் பெயர் சம்பள ஆபீஸுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் பிராக்கெட். அவர் எழுதியது லிஸ்ப் என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழி. எந்த வரியைப் பார்த்தாலும் பிராக்கெட்டுக்குள் பிராக்கெட், அதற்குள் இன்னொரு பிராக்கெட். மனுஷன் பேச்சும் அப்படியே. "ஏண்ணா லேட்டு?" என்று கேட்டுத் தொலைத்தால் போச்சு. "பஸ்ஸு (அந்த டிரைவரு கீறாரே (அவரு மச்சான் எங்க தெருவாண்ட கோழிக்கடை வெச்சிருந்தான் (இப்ப மூடிட்டான்)), அவருக்குக் காச்சலு) வரல." திறந்தது எதையும் மூடாமல் விடமாட்டார். நடுவில் நாம் எழுந்து போய்விட்டால், திரும்பி வரும்வரை காத்திருந்து மூடுவார்.

எங்கள் கம்பெனிக்கு வழி சொல்லும் தொழில். பேக்டரி பஸ், ரிசார்ட் வேன் எல்லாம் எந்த ரோட்டில் போய் எங்கே நிற்க வேண்டும் என்று டிரைவரின் போனுக்குச் சொல்லும் புரோகிராம்களை எழுதினோம். நாங்கள் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிறபடி மாற்றித் தருவது கம்பைலர். அதுவும் கம்பெனியின் சொந்தச் சரக்கு. அதற்கு டாக்டர், நர்ஸ், ஆயா எல்லாம் பிராக்கெட்தான்.

"அடுத்தவன் யூகிக்கிற எடத்துல எதையும் வெக்காத" என்பது அவருடைய வேதம். டிபன் பாக்ஸை ஒரே இடத்தில் வைத்தால் எவனாவது திறந்துவிடுவானாம். அதனால் தினம் ஓர் இடம். ஒருமுறை கருவாட்டுக் குழம்பை எங்கே ஒளித்தோம் என்று அவருக்கே மறந்துவிட்டது. ஆபீஸே மூக்கைப் பொத்திக்கொண்டு தேடி, கடைசியில் தீயணைப்புப் பெட்டிக்குள் கண்டுபிடித்தோம். மனுஷனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வரவேண்டுமே! "பாத்தியா, எவனாலயும் யூகிக்க முடியல" என்று சிரித்தார்.

இன்னொரு வியாதியும் உண்டு. ஒரு பொருளுக்கு என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. பேன்ட்ரியில் 'சர்க்கரை' என்று எழுதிய டப்பாவில் விரலை விட்டு நக்கிப் பார்ப்பார். "எழுதித்தானேண்ணா இருக்கு!" என்று எகிறினால், "எழுதறதுக்கு இன்னாம்மா, 'தங்கம்'னு கூட எழுதலாம்" என்பார். ஒருநாள் அதில் உப்பு இருந்தது. அன்றைக்கு அவர் பண்ணிய அலட்டலைப் பார்க்க வேண்டுமே!

அப்போது நான் அங்கே சேர்ந்து வருஷம் முடியவில்லை, இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. இந்த வேலை நிலைக்கவில்லை என்றால் திருக்கழுக்குன்றத்தில் மாமாவின் உரக்கடைக் கல்லாவில் உட்கார வேண்டும் என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். எனக்கு யூரியா வாசனை வந்தாலே தலை சுற்றும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சனியன் பிடித்த காலை விடிந்தது. செங்கல்பட்டிலிருந்து மறைமலைநகர் பேக்டரிக்குப் போகவேண்டிய ஷிப்ட் பஸ்ஸுக்கு நான் எழுதிய புரோகிராம்தான் வழி சொன்னது. பஸ், பேக்டரி கேட்டைத் தாண்டி, வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கடற்கரையில் போய் நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் நல்ல தூக்கம். அலைச் சத்தம் கேட்டுத்தான் விழித்திருக்கிறார்கள்.

டிரைவருக்குப் போன் போட்டேன். "போன்ல அப்படித்தாம்மா கீது. நான் இன்னா பண்றது?" என்றார். அவரிடமிருந்து போனைப் பிடுங்கி ஒரு தொழிலாளி, "மேடம், இங்க செம காத்து! திரும்புற வண்டி எத்தினி மணிக்கு? மெதுவா அனுப்புங்க" என்றார். பேண்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று அவர்கள் எடுத்த செல்பி, எங்கள் மேனேஜருக்கு முன்னால் பேக்டரி முதலாளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டு மரியாதையாக அறுப்பார். "என்னங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க? பக்கத்து சீட்டு பஷீர் கோவளம் ரிசார்ட் வேனுக்கு எழுதினதைத் தெரியாம எடுத்து ஒட்டிட்டீங்களாட்ட இருக்குது. வெள்ளிக்கிழமை மீட்டிங்குல விளக்கம் சொல்லுங்க. இல்லீன்னா வேலை போயிருமுங்க" என்றார். நான் எதையும் எடுக்கவில்லை, ஒட்டவில்லை. சத்தியம் பண்ணினேன். யார் கேட்டார்கள்?

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் போய் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடாமலே பிராக்கெட் உள்ளே வந்தார்.

"சார், ஒரு சின்ன புரோகிராம் வெச்சிருக்கேன். உங்க கையால கம்பைல் பண்ணுங்க."

"நான் எதுக்குங்க?"

"சும்மா ஒரு பட்டன் தான் சார்."

மேனேஜர் அமுக்கினார். பிராக்கெட் கையைக் கட்டிக்கொண்டு, "இப்ப, நீங்க இன்னிக்கு ஹெட் ஆபீஸுக்குக் காட்டப்போற படங்களைத் தெறங்க" என்றார். திறந்தால் படமும் இல்லை, மண்ணும் இல்லை. புழு ஊர்கிற மாதிரி பக்கம் பக்கமாக மெஷின் எழுத்து. மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, யாருங்க இதை அழிச்சது?"

"நீங்கதான் சார்."

"நானில்லீங்க!"

"உங்க கைதான சார் அமுக்கிச்சு? அப்ப இந்தப் பொண்ணை மட்டும் எப்பிடி சார் புடிக்கிறீங்க?"

பிறகு பிராக்கெட்டே விளக்கினார். கம்பைலர் வேலையின் நடுவில், பாதி வேலையை ஒரு தற்காலிக பைலில் எழுதி வைத்துக்கொள்ளும். எல்லாருக்கும் பொதுவான ஒரே இடத்தில், நம் புரோகிராமின் பெயரையே அந்தப் பைலுக்கும் வைக்கும். என் புரோகிராமின் பெயர் 'ரூட்'. பஷீர் வைத்த பெயரும் 'ரூட்'. இருவரும் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்க, அவன் எழுத்து என் பஸ்ஸில் ஏறிவிட்டது. இன்றைக்கு மேனேஜர் அமுக்கிய புரோகிராம் பிராக்கெட் கொடுத்தது, அதனால் தற்காலிக பைலுக்கு வரப்போகிற பெயர் அவருக்கு முன்பே தெரியும். அந்தப் பெயரில், எழுத வருவதை மேனேஜரின் படங்களுக்குத் திருப்பிவிடும் ஒரு கைகாட்டி பைலை அங்கே நட்டு வைத்துவிட்டார். கம்பைலர் அதை நம்பி, நேரே போய்ப் படங்களின் மேலேயே எழுதிவிட்டது.

"அந்தப் பேர்ல ஒரு பைல் ஏற்கனவே இருக்குதான்னு கம்பைலரை முதல்லயே பார்த்துக்கச் சொன்னாப் போதாதுங்களா?" என்றார் மேனேஜர்.

"செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க சார். சீட்டு காலியா கீதுன்னு பாத்துட்டு நீங்க படியேறிப் போறதுக்குள்ள, ஜன்னல் வழியா எவனோ துண்டு போட்டிருப்பான். பாக்குறதும் குந்துறதும் ஒண்ணா நடக்கணும். பேரும் எவனும் யூகிக்காத பேரா இருக்கணும். இன்னொண்ணு சார். மேல 'பேக்டரி ஸ்டாப்பு'ன்னு எழுதியிருந்திச்சு, உள்ள ரிசார்ட்டு இருந்திச்சு. நம்ம கம்பைலரு லேபிளை நம்பி வுட்டுடுச்சு. உள்ள இருக்கிறது இன்னா வகைன்னு எடுத்துப் பாக்கல. ரெண்டையும் சரி பண்ணிட்டேன்."

"அதெல்லாம் சரிங்க, என் படத்துக்குக் காப்பி வெச்சிருக்கீங்களா?" என்றார் மேனேஜர் பரிதாபமாக.

"கீது சார். ஆனா யாரும் யூகிக்காத பேர்ல வெச்சுட்டேன். கொஞ்சம் தேடணும்."

தேடிக்கொண்டே இருந்தார். ஹெட் ஆபீஸ்காரர்கள் அதுவரை காத்திருந்தார்கள். கடைசியில் படங்கள் கிடைத்தன. மேனேஜர் என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க, உங்க மேல தப்பில்லீங்க" என்றார். உரக்கடைக் கல்லா மாமாவுக்கே மிஞ்சியது.

வெளியே வந்ததும் பிராக்கெட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ரொம்ப தேங்க்ஸ்ணா. நீங்க ஒருத்தராவது நிஜமா என்னை நம்புனீங்களே" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் விழித்தார். "நான் எங்கம்மா உன்னை நம்புனேன்? நம்பல. குந்திகினு பாத்தேன். உன் மேல தப்பு இருந்திருந்தா, அதையும்தான் சொல்லியிருப்பேன்."

அந்த வாரம் முழுக்க ஆபீஸில் பாதிப் பேர் என் தோளைத் தட்டி, "உன்னை நாங்க நம்புறோம்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து பார்த்தவர் இந்த மனுஷன் ஒருத்தர்தான். எனக்கு வேறு ஆபீஸ், வேறு ஊர் எல்லாம் ஆகிவிட்டது. இன்றைக்கும் யாராவது என்மேல் பழி போட்டால் முதலில் பிராக்கெட்டுக்குத்தான் போன் போடுகிறேன். அவர் என்னை நம்பமாட்டார் என்கிற தைரியம்தான்.