கயல் வைவாவில் கருகின காயில்

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். (படிப்புதான் என்னை விட்டது என்பாள் என் வீட்டுக்காரி. பொறாமை.) கந்தர்வக்கோட்டையில் கருகிய மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை, பின்னால் மாடி வீடு, ரோட்டோரம் முந்திரித் தோப்பு, எல்லாம் நான் உண்டாக்கியது. லோன் கிடையாது என்று விரட்டிய பேங்க் மேனேஜர் வீட்டு மோட்டாரும் என் கையால்தான் ஓடுகிறது. மகள் கயல்விழியை டாக்டர் பட்டம் வரை கொண்டுபோனதும் நான். அந்தப் பட்டத்தைக் கவிழ்க்கப் பார்த்ததும் நானே என்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

வளர்ந்த மாட்டின் தோல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய கருமுட்டைக்குள் வைத்துக் கன்று உண்டாக்குவது குளோனிங். அப்போது உள்ளே புரதத்தைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் டிஎன்ஏ நூல் என்ன ஆகிறது என்பது கயலின் ஆராய்ச்சி. அந்தச் சுருளுக்குக் குரோமாட்டின் என்று பேர். சுற்று என்று அவள் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. நம்ம தொழில்.

பட்டத்துக்கு முன் எல்லோர் எதிரிலும் கேள்வி கேட்டுச் சோதிக்கும் வைவாவுக்குக் குடும்பத்தோடு போனோம். என் பையில் எல்லோருக்கும் வடை. அடியில், திரும்பி வரும் வழியில் ஒயர் வாங்க மாதிரிக்கு எடுத்துவந்த கருகின காயில்.

வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார்: "குளோன் பெரும்பாலும் ஏம்மா தேற மாட்டேங்குது?"

கயல் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

நான் எழுந்தேன்.

"ஏங்க, உக்காருங்க." வீட்டுக்காரி வேட்டியை இழுத்தாள்.

காயிலைத் தூக்கிக் காட்டினேன். "பழைய ஒயரை உருவிப் போட்டுட்டுப் புதுசு சுத்தணும்ங்க சார். இவங்க பழசுலயே ஓட்டுறாங்க. அதான் புகையுது."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுதான் உங்க ஆய்வு முடிவாம்மா?"

கயல் விறுவிறுவென்று வந்து காயிலைப் பிடுங்கினாள்.

"இல்ல சார். இவரு சொல்றது சுத்தத் தப்பு. நூலை யாரும் மாத்தல. தோல் செல்லுல, தோலுக்கு வேண்டாத இடமெல்லாம் இறுகி மூடிக் கிடக்கும். முட்டைக்குள்ள போனா சுத்து தளர்ந்து திறக்கும்." கம்பியைப் பிரித்தாள். பாதி வந்தது. மீதி, மேலே பூசிய வார்னிஷில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. "இந்தா, இப்படிச் சில இடம் தளராமலே தங்கிரும். தோலா இருந்த பழக்கம் விடாது. கருவுக்கு வேண்டியது அங்க மூடியே கிடக்கும். பல கரு தேறாததுக்கு அது முக்கியமான காரணம் சார்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"அப்ப எங்க அப்பா இன்னும் தப்பாச் சொல்லலையே சார்."

பட்டம் கிடைத்தது. இன்றைக்கும் வீட்டில் நான் எதைப் பற்றியாவது பேச ஆரம்பித்தால், "மாமா, ஒயரை உருவிராதீங்க" என்கிறார் மருமகன்.

பிறகு பைண்டு பண்ணிய ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் மாட்டு டாக்டர் இருக்கிறார், லேப் வாட்ச்மேன் இருக்கிறார். நான் 'பெற்றோர்' என்ற சொல்லில் பாதி. சரியான பதில் அவளுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை வெளியே வரவைத்த தப்பான பதில் முழுக்க என்னுடையது. அதைத் தனி வரியாக, என் பேரோடு போட வேண்டும்.