நிலத்துக்கு என்ன கஷ்டம்?

ஒரு மனிதன் தன் சொந்த வீட்டில் குளிப்பதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதியும் தேவையில்லை. குளிக்கும் இடத்தை மாற்ற வேண்டுமென்றால்தான் தேவை. இந்த உண்மையை எங்கள் தெருவில் முதன்முதலாகக் கண்டறிந்தவர் என் எதிர்வீட்டுக்காரரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாற்பது வருடமாக ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவர். ஆனாலும், தூரத்தில் ஒரு தொல்லை வருவது அவர் கண்ணுக்கு மட்டும் ஒருநாளும் தெரிந்ததில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், கணவரும் அப்படித்தான். முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றதில் டீச்சருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வீட்டில் குளியலறையோ மாடியில். படிகள் பதினேழு. ஒருநாள் ஈரக்காலோடு இறங்கி வரும்போது, நாலு படிகளை ஒரே மூச்சில் கழித்துக்கொண்டு கீழே வந்து சேர்ந்தார். அடி பலமில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்க ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லவில்லை. கொடியில் துண்டு காய்ந்தே கிடப்பதைப் பார்த்துக் கண்ணாடிக்காரர் தெரிந்துகொண்டார்.

கீழ்த்தளத்திலேயே ஒரு சின்னக் குளியலறை கட்டிவிடலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டார். கொத்தனார் மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"வாளி நிக்கும். இல்லேன்னா அம்மா நிக்கலாம். ரெண்டும் சேர்ந்து நிக்காது."

மிச்சமிருந்தது சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடம். வீட்டுச் சுவருக்கும் எல்லைச் சுவருக்கும் நடுவே ஏழடி. அதில் ஐந்தடியைக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் காலியாக விட வேண்டும் என்பது விதி. கொத்தனார் கேட்டது நாலடி. அதாவது விதியிடமிருந்து இரண்டடியைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கென்றே நகரமைப்பு அலுவலகத்தில் விதித் தளர்வுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்காரருக்குத் துணையாக நானும் போனேன். பெயருக்கு ஏற்ற இடம். நாற்காலிக் கால்கள் தளர்ந்திருந்தன. மின்விசிறி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் அனைவரும் தளர்ந்திருந்தார்கள். விதி ஒன்றுதான் விறைப்பாக இருந்தது.

பிரிவு அலுவலர் ஓர் அம்மையார். கோபமே வராதவர். எரிந்து விழுகிற அதிகாரியைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். அனுதாபப்படுகிற அதிகாரியிடமிருந்து தப்பவே முடியாது.

"இடர்ப்பாடுங்கற இடத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

"மனைவிக்கு முழங்கால் வலி, மேடம்."

"அடடா. எத்தனை வருஷமா?"

"அஞ்சு வருஷமா. படி ஏற முடியல."

"எங்க அம்மாவுக்கும் அதே கதைதான் சார். ராத்திரியில தூக்கம் வராதே, பாவம்." அம்மையார் உண்மையாகவே கலங்கினார். கலங்கிக்கொண்டே சிவப்பு மையில் அந்த வரியை அடித்தார். "ஆனா இது செல்லாது."

"ஏன் மேடம்?"

"இது மனைவியோட கஷ்டம். படிவத்துல கேக்கறது நிலத்தோட கஷ்டம். உங்க நிலத்துக்கு என்ன கஷ்டம்?"

கண்ணாடிக்காரர் நேர்மையானவர். சற்று நேரம் யோசித்தார். "நிலத்துக்கு ஒண்ணும் இல்லையே. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு அது விதிவிலக்கு கேக்குது?"

"அது கேக்கல மேடம். நான்தான்..."

"பாருங்க சார். நாளைக்கே நீங்க வீட்டை வித்துட்டுப் போறீங்க. அப்போ முழங்கால் உங்ககூட வந்துடுமா, இங்கேயே இருக்குமா?"

"வந்துடும்."

"அதான் சொல்றேன். முழங்கால் நடமாடும் இடர்ப்பாடு. விதி கேக்கறது அசையா இடர்ப்பாடு. உங்க தெருக்கோடியில கண்ணாடிச் சுவர் வச்சு உடற்பயிற்சிக் கூடம் கட்டியிருக்காரே ஒருத்தர், அவருக்கு எப்படிக் கொடுத்தோம்? நிலத்துக்கு நடுவுல பெரிய பாறை. கொடுத்து வச்சவர்."

அந்தக் கூடத்தை எங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கூடம் இருப்பதுதான் அப்போது நாகரிகம். ஓடும் இயந்திரத்தின் மேல் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. சட்டை காய்வதைப் பார்த்திருக்கிறோம்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் அம்மையார். "இடர்ப்பாடு நீங்களா உண்டாக்கிக்கிட்டதா இருக்கக்கூடாது. மாடியில குளியலறை இருக்கற வீட்டை வாங்கினீங்களே, அப்போ ஒருநாள் வயசாகும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் வாங்கியிருக்கீங்க." அதையும் குறித்துக்கொண்டார். "சரி, மனசு கேக்கல. கள ஆய்வுக்கு ஆள் அனுப்பறேன். ஏதாவது குறை தென்பட்டா பார்ப்போம்."

கள ஆய்வாளர் மூன்று வாரம் கழித்து அளவு நாடாவுடன் வந்தார். மூலைக்கு மூலை நடந்தார். மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். கடைசியில், நோயாளியின் உறவினரைத் தனியே கூப்பிடும் மருத்துவரைப் போலக் கண்ணாடிக்காரரைச் சுவரோரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"நம்பிக்கை இல்ல சார். நாலு மூலையும் தொண்ணூறு டிகிரி. மேடு இல்ல, பள்ளம் இல்ல. இவ்வளவு ஆரோக்கியமான நிலத்தை நான் பார்த்ததே இல்ல."

ஜன்னலுக்குள்ளிருந்து டீச்சர் பெருமையாகச் சொன்னார்: "வாங்கும்போது நான்தான் அளந்தேன்."

"அதான் தப்பாப் போச்சும்மா."

டீச்சர் அவருக்குத் தேநீர் கொடுக்க வெளியே வந்தார். சமையலறையிலிருந்து வாசல் வரை வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும், சுவரைப் பிடித்துப் பிடித்து வந்ததையும் ஆய்வாளர் பார்த்தார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னேன்னு வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது உங்க இடத்தை ஆக்கிரமிச்சிருந்தா, நிலம் கோணலாயிடும். அது நிலத்தோட கஷ்டம். நீங்களா உண்டாக்கிக்கிட்டதும் இல்ல. ஒரே கல்லுல ரெண்டு நிபந்தனையும் விழுந்துடும்."

பிரச்சினை என்னவென்றால், பக்கத்து வீட்டில் இருந்தவர் அங்குலம். மருந்துக்கடை வைத்திருப்பவர். அடுத்தவர் இடத்தில் ஓர் அங்குலம் போக மாட்டார், தன் இடத்தில் ஓர் அங்குலம் விட மாட்டார் என்பதால் வந்த பட்டப்பெயர். ஒரு விளக்குக் கம்பம் தன் எல்லைக்குள் இரண்டு விரல் அகலம் சாய்ந்திருக்கிறது என்று பதினாறு வருடம் மனுப் போட்டு, அதை நிமிர்த்தி வைத்தவர். அவரிடம் போய் எங்கள் இடத்தைப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று எப்படிக் கேட்பது?

கேட்டார்கள். டீச்சரும் கூடவே போனார். நானும் போனேன்.

"என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?" அங்குலம் எழுந்தே நின்றுவிட்டார். "முப்பது வருஷமா இந்தத் தெருவுல மரியாதையா வாழ்ந்திருக்கேன். என்னைப் போய் அடுத்தவன் நிலத்தைத் திருடச் சொல்றீங்களே!"

"ஒன்றரை அடிதான் சார்" என்றார் கண்ணாடிக்காரர்.

"அரை அங்குலமா இருந்தாலும் முடியாது. நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க?"

டீச்சர் நாற்காலிக் கையைப் பிடித்தபடி கேட்டார்: "நீங்க இன்னைக்குக் குளிச்சாச்சா?"

"காலையிலேயே குளிச்சாச்சு. ஏன் டீச்சர்?"

"நான் முந்தாநாள் குளிச்சேன்."

அங்குலம் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து மேஜை இழுப்பறையைத் திறந்து தன் அளவு நாடாவை எடுத்தார்.

பழைய எல்லைச் சுவரைப் பத்தடி நீளத்துக்கு இடித்து, கண்ணாடிக்காரர் பக்கமாகச் சரியாக ஒன்றரை அடி தள்ளிப் புதுச் சுவர் எழுப்பினார். அதற்கு மேல் ஒரு நூல்கூடப் போகவில்லை. கொத்தனார் ஒரு செங்கல்லைச் சற்றுத் தள்ளி வைத்தபோது அங்குலம் அவரைத் திட்டினார்: "அது அவங்க இடம்யா! மனசாட்சி வேண்டாமா?"

புகைப்படங்களுடன் மறுபடி அலுவலகம் போனோம். அம்மையாருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. "பார்த்தீங்களா? தேடினா கிடைக்கும். ஆனா ஆக்கிரமிப்புன்னா ஒரு தகராறு நடந்திருக்கணுமே. நீங்க சம்மதிச்சுக் கொடுத்திருந்தா, அது நீங்களா உண்டாக்கினதாயிடும். சாட்சிகளோட ஒரு புகார் நகல் வையுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தகராறு நடப்பதாக ஏற்பாடு. தெரு முழுவதும் சாட்சிக்கு வந்திருந்தது. சிலர் நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். கண்ணாடிக்காரருக்குத் தன் வாழ்நாளில் குரல் உயர்த்திப் பழக்கமில்லை.

"ஏன் சார், இப்படிப் பண்ணிட்டீங்களே, கொஞ்சம் யோசிச்சுப் பார்த்திருக்கலாமே" என்று வேண்டிக்கொள்வது போல ஆரம்பித்தார்.

"சத்தமா!" என்று டீச்சர் ஜன்னலிலிருந்து அதட்டினார். "பின்வரிசைக்குக் கேக்கல!"

அங்குலத்துக்கு அந்தக் குறையே இல்லை. விளக்குக் கம்பத்தோடு பதினாறு வருடம் போராடிய குரல். "அப்படித்தான்யா பிடுங்குவேன்! உன்னால ஆனதைப் பார்த்துக்கோ!" என்று அவர் போட்ட சத்தத்தில், இவரைப் போய் இத்தனை நாள் நல்ல மனிதர் என்று நினைத்துவிட்டோமே என்று இரண்டு வீட்டுக்காரர்கள் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லவும் வழியில்லை. சொன்னால் சாட்சி கெட்டுவிடும்.

புகார் நகலைக் கொடுத்தோம். அம்மையார் கணக்குப் போட்டுப் பார்த்தார். "இப்போ உங்களுக்கு மிஞ்சினது அஞ்சரை அடி. குளியலறைக்கு நாலு. மிச்சம் ஒன்றரை அடி காலியிடம்."

"ஆமா மேடம். மொதல்ல கேட்டபோது மூணடி விடறதாச் சொன்னேன்."

"அது எப்படி சார் போதும்? அஞ்சடி விட வேண்டிய இடத்துல மூணடி விடறது அப்பட்டமான மீறல். இப்போ பாருங்க, ஒன்றரை அடி. இது சரியா இருக்கு."

ஆணை வந்தது. "மனுதாரரின் நிலம் அனுபவித்துவரும் சொல்லொணா இன்னல்களைக் கருணையுடன் பரிசீலித்து" என்று தொடங்கியது. டீச்சரைப் பற்றியோ, முழங்காலைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை இல்லை.

குளியலறை ஒரு மாதத்தில் எழும்பியது. முதல் நாள் உள்ளே போன டீச்சர் ஒரு மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. கண்ணாடிக்காரர் பயந்துபோய்க் கதவைத் தட்டினார்.

"டீச்சர்! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. தண்ணியைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேனே."

கண்ணாடிக்காரர் வாசலுக்கு வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அழுக்கு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நல்ல பெயராக இருந்திருக்கும்.

ஏழு மாதம் கழித்து அங்குலத்தின் அக்காவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. கீழ்த்தளத்தில், பக்கவாட்டில், ஒரு கட்டில் போடும் அளவுக்கு ஓர் அறை கட்ட அங்குலம் விண்ணப்பம் போட்டார். அவருடைய நிலமும் இப்போது ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு கோணலாகிவிட்டதால், இடர்ப்பாட்டுக்குக் குறைவில்லை. பதினைந்து நாளுக்குள் அக்கம்பக்கத்தார் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்று ஓர் அறிவிப்பை அவர் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

டீச்சர் இப்போது நடந்துபோய்ப் படிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். வரைபடத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"இந்த அறை எழும்பினா நம்ம குளியலறை ஜன்னலுக்கு வெளிச்சம் வராது."

"அவர் நமக்காகச் சுவரையே இடிச்சாரே, டீச்சர்" என்றார் கண்ணாடிக்காரர்.

"அதுக்கு நன்றி சொல்லியாச்சு. கேட்டவங்களுக்கெல்லாம் விலக்குக் கொடுத்துக்கிட்டே போனா, அப்புறம் விதி எதுக்கு?"

அன்றே அழகான கையெழுத்தில் ஆட்சேபனை மனு தயாரானது. "இப்பகுதியின் சீரான தன்மைக்கு ஈடுசெய்ய முடியாத ஊறு விளையும்" என்ற வரி அதில் எனக்கு மிகவும் பிடித்தது. தெருக்கோடிப் பாறைக்காரர் முதல் கையெழுத்துப் போட்டார். தகராறுக்கு நாற்காலி கொண்டுவந்தவர்களும் போட்டார்கள். அந்த ஆள் ஏற்கெனவே அடுத்தவன் நிலத்தைப் பிடுங்கியவன்தானே என்று சிலர் சாட்சியும் சொன்னார்கள். கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டார். எனக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு முழுத் தெருவே கிடக்கிறது. இருந்தாலும் இருபத்தொரு பேர் போட்ட இடத்தில் நான் ஒருவன் போடாவிட்டால் நன்றாக இருக்காதே என்று நானும் போட்டேன்.

விண்ணப்பம் இப்போது பரிசீலனையில் இருக்கிறது. அக்கா வந்துவிட்டார், முன்கூடத்தில் இரண்டு பீரோக்களுக்கு நடுவே படுத்திருக்கிறார். அங்குலம் தெருவில் என்னைப் பார்த்தால் இன்றும் நின்று வணக்கம் சொல்கிறார். மனுவின் நகல் அவர் கைக்கு வர முப்பது நாள் ஆகும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதுவரை நானும் மரியாதையாகப் பதில் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.