மாமாவின் இடமும் நல்லரத்தினம் மச்சானின் ஏழு ஓடங்களும்

மட்டக்களப்பு
10.05.1962

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் கதிர்காமத்தம்பி அவர்களுக்குத் தங்கை ஆச்சிப்பிள்ளை எழுதுவது. கண்ணகை அம்மன் காவலில் இங்கு நாங்களும் ஆறு எருமைகளும் சுகம். கொழும்புத் தண்ணீர் உங்கள் வயிற்றுக்கு ஒத்துவர வேண்டுமென்றும் அம்மனிடம் கேட்டிருக்கிறேன்.

அண்ணன், வென்றுவிட்டோம்! கோயிலை நடத்தும் வண்ணக்கராக இருந்த நம் மாமா கண்மூடிய பிறகு, அந்த இடம் மருமகனான உங்களுக்குத்தானே வரவேண்டும்? மாமாவின் மகன் நல்லரத்தினம் மச்சான் தனக்குத்தான் என்று வெளிக்கிட்டார். நேற்றுக் கோயில் கூட்டத்தில் ‘நாம் வந்த வரலாறு’ என்று முப்பது பக்கம் வாசித்தார். நம் முக்குவ சனம் சேரநாட்டிலிருந்து ஏழு ஓடத்தில் வந்ததாம், மாமாவின் குடி முதல் ஓடமாம், முதலில் கரையிறங்கிய குடிக்குத்தானே கோயிலில் முதல் வரிசையும் வண்ணக்கர் இடமும் என்று ஊர் வழக்கத்தையும் சொல்லி, அந்த ஓடத் தலைவனின் மகன், அவன் மகன், அவன் மகன் என்று இறங்கி இறங்கித் தன் பேரில் வந்து நின்று வியர்வையைத் துடைத்தார். சனம் கைதட்டியது. என் வீட்டுக்காரரும் தட்டினார். அதை நான் மறக்கமாட்டேன்.

அம்மனை நினைத்துக்கொண்டு எழும்பினேன். கையில் என் கொப்பி. இருபது வருசமாக ஊரில் நடந்த கலியாணம், பிள்ளைப்பேறு எல்லாம் குடியோடு அதில் இருக்கிறது.

“மச்சான், உங்கட வரலாத்தில எத்தின பொம்புள இரிக்கி?”

“ஒருத்தருமில்ல கா. ஓடம் வலிச்சது ஆம்பிளைகள்.”

“அப்ப நீங்க எந்தக் குடி?”

“அப்பாட குடி.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூசாரியார் சால்வையை வாயில் வைத்துக்கொண்டார். மட்டக்களப்பில் பிறந்த ஆராவது தகப்பன் குடியைச் சொல்வார்களா? குடி தாயோடல்லவா வரும்! கொப்பியை விரித்துக் காட்டினேன். மச்சானைப் பெற்ற தாய் வேறு குடி. நம்மைப் பெற்ற தாய் மாமாவின் கூடப்பிறந்தவர், அதே குடி. “முப்பது பக்கமும் எங்கட அண்ணனுக்குத்தான் எழுதியிரிக்கிறீங்க மச்சான்” என்றேன். பெரியவர்கள் அங்கேயே வெற்றிலை வைத்து உங்கள் பேரைச் சொன்னார்கள். “இவளுக்கு ஆர் படிப்பிச்ச?” என்று மச்சான் கேட்டாராம். ஒருத்தரும் படிப்பிக்கவில்லை. சீனி சுற்றி வந்த பேப்பரில் எழுத்துக் கூட்டிப் பழகினேன்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்மன் உங்களை நோய்நொடியின்றி வைத்துத் தன் கோயில் சடங்குக்குக் கூட்டி வரட்டும்.

தங்கை,
ஆச்சிப்பிள்ளை

பி.கு: மச்சான் கோயிலில் விட்டுப்போன கட்டை எடுத்துவந்து, இன்று ஆற அமரப் பதினோராம் பக்கத்தை வாசித்தேன். ஏழு ஓடத்திலும் ஒரு பெண்கூட ஏறவில்லையாம். அப்படியென்றால் தாய்வழியில் நம் குடி எந்த ஓடத்திலும் வரவில்லை. இங்கேயே கரையில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. கரையிறங்காத குடிக்கு ஏது முதல் வரிசை? மச்சானுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. பிடிபடுமுன் ரயில் ஏறவும்.