கழட்டேலாத வண்டி

யாரிடமும் புத்தி கேட்காமல் சாமான் வாங்குவதில் எனக்கு நிகர் நானே. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். (மனைவி பக்கத்தில் இல்லை.)

எழுபதுகளின் தொடக்கம். கலியாணமாகி மூன்று மாதம். நெடுந்தீவில் மாமனார் வீட்டோடு இருந்தேன். பள்ளிக்கூடம் படிப்பிக்கிறவனால் தோட்டத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவர் கருத்து. மருமகன் என்றுகூடச் சொல்லமாட்டார், "வாத்தியார்"தான். எப்படியாவது அவர் வாயால் "மருமகன்" என்ற சொல்லை வரவழைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. வெங்காயத்துக்கு எருப் போடும் காலம் வந்ததும், "இனி ஓலைக் கடகத்திலை சுமக்க வேண்டாம் மாமா, நான் எருத் தள்ளுற வண்டி, வீல்பரோ ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன்" என்று வீரம் பேசிவிட்டேன்.

யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் முதலில் காட்டியது நட்டும் போல்ட்டும் பூட்டியது.

"தேவையெண்டால் கழட்டிப் பூட்டலாம்."

"கழண்டு போற சாமான் எனக்கு வேண்டாம்."

"அப்ப இதைக் கொண்டு போம். முழுக்க வெல்டிங். ஆனையாலும் கழட்டேலாது."

நான் லேசில் நம்புவேனா? அவரையே அதில் ஏறி இருக்கச் சொன்னேன். (நல்ல உடம்புக்காரர்.) கடைக்கு முன்னால் இரண்டு சுற்றுத் தள்ளினேன். வண்டி முனகவில்லை, நான்தான் முனகினேன்.

பஸ் கூரையில் ஏற்றிக் குறிகட்டுவான் துறைக்கு, அங்கிருந்து லோஞ்சில் கடல் கடந்து நெடுந்தீவுக்கு. இறங்குதுறையிலிருந்து வீடுவரை ஊர் பார்க்கத் தள்ளிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை எருவைக் குவித்துத் தோட்டத்துக்குத் தள்ளினேன். தோட்டத்தைச் சுற்றி மாமனார் தன் கையால் அடுக்கிய கல்வேலி. ஆடுமாடு புகாதபடி, ஒரு ஆள் நுழையும் அளவுக்கே இடைவெளி விட்டிருந்தார். வண்டி டங்கென்று இடித்து நின்றது. எருவைக் கொட்டிவிட்டுச் சரித்துப் பார்த்தேன், வண்டியின் கால்கள் கல்லில் தட்டின.

"கழட்டி உள்ளுக்குக் கொண்டு போவம்," என்றார் மாமனார்.

"கழட்டேலாது மாமா."

"ஆர் சொன்னது?"

"நான்தான் அப்பிடி வேணுமெண்டு கேட்டு வாங்கினனான்."

மனைவி மெல்லக் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, வாங்க முதல் இதை அளந்தனீங்களோ?"

கடகத்தை எடுத்து எருவைத் தலையில் சுமக்கத் தொடங்கினேன். வெட்கத்தில் கண் கலங்கியது. ஆறாவது நடை திரும்பும்போது கல் விழும் சத்தம். ஒருவரையும் தொடவிடாத தன் வேலியை மாமனாரே பிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சாமான். வேலியைக் கழட்டலாம்தானே," என்றார்.

பக்கத்துத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்து, ஏன் உடைக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எங்கடை மருமோன்ரை வண்டி போக வேணும்."

அந்த வண்டியில் இன்றுவரை ஒரு வெல்டிங் ஒட்டுக்கூட விட்டுப்போகவில்லை. ஆனால் நான் எதை வாங்கப் புறப்பட்டாலும், பிள்ளைகள் வீட்டு வாசலை அளந்து ஒரு துண்டில் எழுதி என் சட்டைப்பையில் வைத்துவிடுகிறார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன அன்றும் வைத்தார்கள்.