பஸ் எஞ்சினில் ஓடிய யானை

பெற்ற பிள்ளையைக்கூடச் சிலர் நாலு பேர் முன்னால் குறை சொல்லிவிடுவார்கள். ஆனால், தான் எழுதிய பழைய புரோகிராமைக் குறை சொல்ல எந்த மனிதனுக்கும் மனம் வராது. எனக்கும் வரவில்லை. அந்தப் பாசத்தின் காரணமாக ஒரு நாள் எங்கள் வீட்டு ஹோலில், என்னை மாப்பிள்ளை கேட்டு வந்த மனிதரை அவர் கண் முன்னாலேயே காட்டு யானையில் ஏற்றி அக்கரைப்பற்றுக்கு அனுப்பினேன். (டிக்கட்டும் கொடுத்தேன்.)

நானும் மச்சான் நஸ்மியும் கல்முனைக்குடியில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் வீடியோ கேம் செய்யும் கம்பனி நடத்துகிறோம். கம்பனி என்றால் இரண்டு மேசை, ஒரு காற்றாடி, நாங்கள் இருவர். எங்கள் முதல் கேம் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ் ஓட்டுவது. வெளிநாட்டில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பொடியன்கள் ஊர் ஞாபகத்தில் அதை விழுந்து விழுந்து விளையாடினார்கள். அதற்கான எஞ்சினை நானே எழுதினேன். எஞ்சின் என்பது கேமுக்கு அடியில் கிடந்து எல்லாவற்றையும் இயக்கும் புரோகிராம். எது எப்படி நகரும், மோதினால் என்ன ஆகும், எந்தச் சத்தம் எப்போது வரும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. என் எஞ்சினுக்கு உலகத்தில் தெரிந்தவை இரண்டுதான்: ஒன்று பஸ், மற்றது பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஆள்.

அடுத்ததாக மீன்பிடிக் கேம் செய்தோம். எஞ்சின் அதேதான். தோணி என்பது நீல நிற வீதியில் ஓடும் பஸ், மீன்கள் பயணிகள். வலைக்கு முன்கதவும் பின்கதவும் இருந்தன. பிறகு கிரிக்கெட் கேம். அதில் பந்து மிகச் சிறிய ஒரு பஸ். சிக்ஸர் போகும்போது மேலே கியர் மாற்றும் சத்தம் கேட்கும். கைதட்டல் சத்தத்தைக் கூட்டி அதை அமுக்கிவிட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணமும் இருந்தது.

நஸ்மிக்கு அந்த எண்ணம் இல்லை.

“மச்சான், இத விட்டுருவம்டா. எத்தினையோ புது எஞ்சின் சும்மா கிடைக்குது. எல்லாரும் அதிலதான் செய்யிறாங்க.”

“பெரிய பெரிய கம்பனியெல்லாம் பழைய எஞ்சினத்தானே திருப்பித் திருப்பிப் பாவிக்கிறாங்க?”

“அவங்கட பழசு வேற, உண்ட பழசு வேற. அவங்க ஒவ்வொரு கேமுக்கும் அதத் திறந்து திருத்துறாங்க. நீ என்ன செய்யிறாய்? ஹோர்ன் சத்தத்தக் குறைச்சு வெக்கிறாய்.”

நியாயம் முழுக்க அவன் பக்கம் இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். புது எஞ்சின் பழக மாதக்கணக்காகும். அதற்குள் என்னென்ன பிழை ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? என் எஞ்சினின் பிழைகளோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து வரும். அவ்வளவு பழக்கம். அப்படித்தான் நினைத்திருந்தேன், பர்ஹானா டீச்சரைக் காணும் வரை.

அவர் இறக்காமத்துப் பெண். அக்கரைப்பற்றில் ஒரு பாடசாலையில் கம்பியூட்டர் பாடம் படிப்பிப்பவர். கேம் எப்படிச் செய்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார். பஸ் கேமைத் திரையில் ஓடவிட்டு நான் அறிவாளிபோல் நீண்ட நேரம் முழங்கினேன். கடைசியில் அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். “சேர், பாலத்துல ஏறக்குள்ள பஸ் ஏன் ஒரு பக்கமாச் சரியிது?”

எத்தனையோ ஆயிரம் பேர் விளையாடியும் ஒருவர் கண்ணிலும் படாத பிழை அது. என் கண்ணிலும் பட்டதில்லை. சிரித்துச் சமாளித்தேன். கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவது என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் கரையோரத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஆகவே பெண்ணின் வாப்பா ஒருவனைப் பார்க்க வருகிறார் என்றால், தன் வீட்டுக்குள் காலமெல்லாம் நடமாடப் போகிற ஓர் ஆளைப் பார்க்க வருகிறார் என்று பொருள். அவன் என்ன தொழில் செய்கிறான் என்று துருவித் துருவிக் கேட்காமல் இருப்பாரா? என்னைப் பற்றி ஊரில் இருந்த பெயரோ, ‘நாள் முழுக்கக் கேம் விளையாடுற பொடியன்’ என்பது.

உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். உம்மா தன் தம்பியான சின்ன மாமாவைப் பிடித்து இறக்காமத்துக்கு அனுப்பி, கேட்டு வரும்படி பக்குவமாகக் காதில் போடச் செய்தார். பெண்ணின் வாப்பா நிறைய வயல் காணி உள்ள போடியார். வருவதாகச் சொல்லிவிட்டார்.

“மனே, அவர் வந்து நீ என்ன வேல செய்யிறாய் எண்டு கேப்பார்” என்றார் உம்மா. “வாயால விளங்கப்படுத்தப் போகாத. உண்ட வாப்பாக்கே இன்னும் விளங்கல்ல. செஞ்சி காட்டு.”

செய்து காட்டுவது என்று இறங்கினேன். போடியாரின் வயல்களில் காட்டு யானை புகுந்து விளைச்சலைத் துவம்சம் செய்வதாக சின்ன மாமா சொல்லியிருந்தார். உடனே எனக்குள் விளக்கு எரிந்தது. யானை விரட்டும் கேம்! வயல், வரம்பு, காவல் பரண், யானை வெடி, எல்லாம் அதில் இருக்கும். வீரமாக யானையை விரட்டும் கதாநாயகன் யார்? சாட்சாத் போடியாரேதான். சின்ன மாமாவிடம் படம் வாங்கி, அதே தாடி, அதே வெள்ளைத் தொப்பி, அதே கட்டம் போட்ட சாரன் என்று அச்சொட்டாக அவரைச் செய்தேன்.

யானைக்கு மட்டும் நேரம் போதவில்லை. ஆகவே பஸ்ஸின் தோலை உரித்து யானைத் தோலைப் போர்த்தினேன். ஹோர்னை அடைத்தேன். கதவுகளை மறைத்தேன்.

நஸ்மி தலையில் கை வைத்துக்கொண்டான். “மச்சான், இது விளையாட்டில்ல, உண்ட கலியாணம். யானை நிண்டா என்ன நடக்கும் எண்டு பாத்தியா?”

“யானை ஏண்டா நிக்கிது? வெடி போட்டா அது ஓடும்” என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு போடியார் சின்ன மாமாவுடன் வேனில் வந்தார். ஆள் நல்ல உயரம். படலை திறந்து உள்ளே வந்ததிலிருந்து முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. ஸலாத்துக்குப் பதில் சொன்னார், கதிரையில் இருந்தார், தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான். உம்மா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று, வட்டிலப்பத்தைக் கொடு என்று என்னிடம் கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்ன தொழில் செய்யிறீங்க மகன்?”

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன். டீவியில் கேமைப் போட்டேன். இறக்காமத்து வயல் பச்சைப் பசேலென்று விரிந்தது. காட்டோரத்தில் இரண்டு யானைகள் அசைந்தன. போடியார் முன்னால் சாய்ந்தார்.

“எங்கட வயல் மாதிரியே ரிக்கி.” பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அது... நானா?”

“ஓம் மாமா” என்றேன். (இன்னும் ஒன்றும் பேசி முடியவில்லை, அதற்குள் மாமா. சீலைக்குப் பின்னால் உம்மா இருமினார்.)

முதல் யானை வயலுக்குள் இறங்கியது. நான் பட்டனை அழுத்த, திரையில் இருந்த போடியார் கம்பீரமாக யானை வெடியைக் கொளுத்தி அதன் முன்னால் எறிந்தார். அத்துடன் என் ஆட்சி முடிந்தது.

பாதையில் தடங்கல் வந்தால் என் எஞ்சினுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பிரேக் போட்டு ஹோர்ன் அடிப்பது. சாதாரண ஹோர்னை அடைத்த நான், அவசர ஹோர்ன் ஒன்றும் எழுதியிருந்ததை மறந்துபோனேன். யானை ‘பாஆஆம்’ என்று அலறிக்கொண்டு நின்றது. நின்றால் அந்த இடம் ஹோல்ட், அதாவது பஸ் தரிப்பிடம். ஹோல்டில் பஸ் நின்றால் பக்கத்தில் நிற்கும் ஆள் ஏற வேண்டும். திரையில் இருந்த போடியார் மிச்ச வெடியைக் கீழே போட்டார், கையைக் காட்டினார், சாரனைத் தூக்கிப் பிடித்தார். யானையின் இடது விலா படாரென்று திறந்தது. ஏறினார்.

“அக்கரைப்பத்து, அக்கரைப்பத்து! உள்ளுக்குப் போங்க, பின்னால இடம் ரிக்கி!” என்றது நஸ்மியின் குரல். கொண்டக்டருக்கு அவன்தான் குரல் கொடுத்திருந்தான். திரையின் ஓரத்தில் ஒரு டிக்கட்டும் கிழிந்து விழுந்தது.

யானை சிக்னல் போட்டு வரம்பில் ஏறியது. ஒவ்வொரு காவல் பரணிலும் நின்று, காவலுக்கு இருந்தவர்களையும் ஏற்றிக்கொண்டது. அதற்குள் பின்னால் வந்த யானை முந்தப் பார்த்தது. எங்கள் பாதையில் பஸ்கள் ஒன்றையொன்று துரத்துவது வழக்கம் என்பதால், அந்தக் குணத்தையும் ஆசையாக எழுதிவைத்திருந்தேன். இரண்டு யானைகளும் விவசாயிகளை ஏற்றிக்கொண்டு விளைந்த நெல்லின் மேல் ரேஸ் ஓடின.

பதறிப்போய் நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். “பஸ் பத்து நிமிஷம் நிக்கும், டீ குடிக்கிறவங்க குடிங்க” என்றது குரல். எல்லோரும் யானையிலிருந்து இறங்கினார்கள். மூலையில் நின்ற நஸ்மி பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினான்.

போடியார் கறுத்துப் போன டீவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது அக்கரைப்பத்துக்குப் போய்ச் சேருமா மகன்?”

“ஓம்... சேரும்.”

“சரி. அப்ப நாங்க வாறம்.”

வட்டிலப்பம் தொடப்படாமல் கிடந்தது. வேன் போனதும் உம்மா வெளியே வந்தார். “அல்லாஹ்வே! கேட்டு வந்த மனிசன யானையிலயா ஏத்தி அனுப்புவாய்?” என்றவர் அழத் தொடங்கிவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. கேம் போனால் இன்னொரு கேம் செய்யலாம், பர்ஹானா போனால் போனதுதான். நஸ்மி ‘நான் அப்பவே சொன்னன்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது கொஞ்சம் ஆறியிருப்பேன்.

சில நாட்கள் கழித்து, இறக்காமத்துக்குப் போய்த் திரும்பிய சின்ன மாமா வேர்க்க விறுவிறுக்க எங்கள் கம்பனிக்கு வந்தார். வேன் எங்கள் தெரு முனையைத் தாண்டியதும் போடியார் சிரிக்கத் தொடங்கினாராம். இறக்காமம் போய்ச் சேரும் மட்டும் சிரித்தாராம். வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் யானை நின்ற விதத்தை எழுந்து நின்று நடித்துக் காட்டினாராம். அந்தப் போகம் யானைகள் வயலை அழித்த பிறகு அவர் சிரித்ததை வீட்டில் யாரும் பார்க்கவில்லையாம்.

“என்ன சொன்னார் தெரியுமா?” என்றார் சின்ன மாமா. “‘அவன் என்ன வேல செய்யிறான் எண்டு எனக்கு இன்னும் விளங்கல்ல. ஆனா இந்தப் பொடியன வீட்டுக்குள்ள வெச்சிரிக்கலாம்’ எண்டார்.”

நான் சின்ன மாமாவைக் கட்டிப் பிடித்துவிட்டேன்.

“பொறு, பொறு. நீ குடுக்கிற மஹரப் பேசக்குள்ள புள்ள ஒரு கண்டிசன் சொன்னாவாம். மஹர் உங்களுக்கு ஏலுமான மாதிரித் தாங்க, ஆனா அந்தப் பழைய எஞ்சின விட்டுரோணுமாம்.”

நஸ்மி அன்று கீழேயுள்ள கடைக்காரருக்கும் தெருவில் போனவர்களுக்கும் இனிப்பாகத் தொதல் கொடுத்தான்.

வாக்கைக் காப்பாற்றினேன். கல்யாணம் முடித்து இறக்காமத்துக்குக் குடிபோய், பர்ஹானா பக்கத்தில் இருந்து சொல்லித்தரப் புது எஞ்சின் பழகினேன். அதில் நான் முதலில் செய்தது யானை விரட்டும் கேம்தான். இந்த முறை யானை யானையாகவே இருந்தது. காதை ஆட்டியது, மண்ணை வாரி முதுகில் போட்டது, வெடிக்குப் பயந்து ஓடியது. பெருமையோடு மாமாவைக் கூட்டி வந்து காட்டினேன்.

மாமா பொறுமையாகப் பார்த்தார். “நல்லாத்தான் செஞ்சிரிக்கிறீங்க மருமகன். ஆனா இதத்தானே நான் வயல்ல பாத்துப் பாத்து நெஞ்சடைச்சுப் போய் ரிக்கிறன். நான் ஏறிப் போற யானை எங்க?”

நான் பர்ஹானாவைப் பார்த்தேன். அவள் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “வாப்பாக்கு மட்டும்” என்றாள்.

ஆகவே இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்பியூட்டரில் அந்த எஞ்சின் ஓடுகிறது. யானை வயலுக்குள் இறங்கிவிட்டுப் போன நாட்களில் மாமா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அதைத்தான் போடச் சொல்வார். எந்தக் குடும்ப விசேஷத்திலும் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்துவதென்றால், “இவர்தான் என்னைய ஏத்திவிட்ட மருமகன்” என்கிறார். போன வாரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேசைப் பக்கம் வந்தார்.

“மருமகன், கனகாலமா நான் தனியத்தானே போறன். மாமிய ஏத்த ஏலாதா?”

பழைய எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறேன். எந்தச் சீலை உடுத்துக்கொண்டு ஏறுவது என்று மாமி இன்னும் முடிவு செய்யவில்லை.