கொய்யாப்பழத் திட்டம்

ஒரு காட்டில் சிங்கமும் இல்லை, நரியும் இல்லை, ஆஸ்பத்திரி மட்டும் இருந்தது. அதன் வராந்தாவில் முத்திருளன் என்ற முள்ளம்பன்றி வயிற்றுவலியோடு சுருண்டு கிடந்தார். வீட்டில் பெண்டாட்டி பேச்சிக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. பிரசவத்துக்குள் வீடு போய்ச் சேர வேண்டும், அதுதான் அவர் கவலை. ஆனால் அவரைத் தூக்கிக் கட்டிலில் போட ஆளில்லை. தூக்கப்போன குரங்குகள் இரண்டும் கையைக் கிழித்துக்கொண்டு உள்ளே கட்டிலில் படுத்திருந்தன. அதுகளுக்கு உடனே கட்டில் கிடைத்துவிட்டது, அநியாயத்தைப் பாருங்கள்!

வார்டு ஆயா சடைச்சி ஒரு கீரி. மதியச் சாப்பாட்டுக்குக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தாள்.

"அசையாம கெடய்யா" என்று சொல்லி, முள்ளுக்கு ஒரு பழமாகக் குத்தி வைத்தாள். பிறகு அவரை அலாக்காகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள். மருந்து உள்ளே போனது, சாயங்காலமே வலி பறந்தது. சடைச்சிக்குத் தலைகால் புரியவில்லை. சமையல்கட்டு வரைக்கும் போய்ப் பீற்றிவிட்டு வந்தாள்.

செய்தி பெரிய டாக்டர் காட்டெருமையின் காதுக்கு எட்டியது. "ஊழியர் கண்டுபிடிப்பு! அருமை! இதை எல்லா நோயாளிக்கும் கொண்டுபோகணும்" என்றார்.

"ஐயா, எனக்குச் சரியாப் போச்சு. வீட்ல பிரசவ நேரம், நான் கெளம்பட்டுமா?" என்று கேட்டார் முத்திருளன்.

"நீங்க எங்க கெளம்பறீங்க? பக்கத்துக் காட்டு அதிகாரிங்க பார்க்க வராங்க. குணமான ஆளே இல்லைன்னா நான் யாரைக் காட்டுறது?"

அதிகாரிகள் வந்தார்கள். முத்திருளனை நாலு தடவை தூக்கி இறக்கினார்கள். கைதட்டினார்கள். அவர் முதுகிலிருந்த கொய்யாவைத் தின்றுவிட்டு, உப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். முத்திருளன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

அடுத்த கட்டிலில் சளிக்கு வந்த முயல் ஒன்று படுத்திருந்தது. சடைச்சி பழத்தோடு போய் முழித்தாள்.

"டாக்டரே, இவருக்கு எங்க குத்துறது?"

"என்னைச் சும்மாவே தூக்கலாமேம்மா" என்றது முயல். "காதைப் பிடிச்சாலே போதும்."

"அது பழைய முறை" என்று டாக்டர் அதட்டினார். "இவருக்கு முள் வேணும். ஏற்பாடு பண்ணுங்க."

முள் வேறு யாரிடம் இருக்கிறது? முத்திருளனைக் குப்புறப் போட்டு ஒன்று விடாமல் பிடுங்கினார்கள். வேப்பம்பிசின் தடவி முயலின் முதுகில் ஒட்டினார்கள். அதன்மேல் கொய்யா. "நான் இதுக்காய்யா சொன்னேன்?" என்று சடைச்சி மூக்கைச் சிந்தினாள். அதற்குள் அவளுக்கு மாலை போட்டுவிட்டார்கள், அழுகை மாலைக்குள் போய்விட்டது.

எல்லாரும் கைதட்டி முடித்த பிறகுதான் டாக்டருக்கு ஞாபகம் வந்தது. "முள்ளம்பன்றி வீட்ல பிரசவமாமே. பாவம், வண்டியில கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்று அவரே உத்தரவு போட்டார்.

ஆம்புலன்ஸ் கழுதைகள் வார்டுக்குள் வந்து பார்த்தன. யார் முதுகில் முள் இருந்ததோ அவரைத் தூக்கி வண்டியில் போட்டன.

"நான் முயல்! முயல்!" என்று அது கத்தியது.

"வலி தலைக்கேறிடுச்சு போல" என்று கழுதைகள் பரிதாபப்பட்டன.

முத்திருளன் வெறும் முதுகோடு வண்டிக்குப் பின்னால் ஓடினார். மூச்சு வாங்க வளைக்கு வந்து சேர்ந்தபோது, உள்ளே குட்டிகளின் சத்தம் கேட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேச்சி! நான் வந்துட்டேன்!"

பேச்சி வாசலுக்கு வந்து மேலும் கீழும் பார்த்தாள். "யாருய்யா நீ, பெருச்சாளி மாதிரி?"

"நான்தாண்டி உன் வீட்டுக்காரன்!"

"அவர் அப்பவே வந்துட்டாரே. ஆஸ்பத்திரி வண்டியே கொண்டாந்து விட்டுட்டுப் போச்சு."

எட்டிப் பார்த்தார். உள்ளே முயல், மடியில் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு, இன்னொன்றுக்குக் கொய்யா ஊட்டிக்கொண்டிருந்தது. சளிகூடக் குறைந்திருந்தது.

"அது முயல் பேச்சி! காதைப் பாரு!"

"மருந்து சாப்பிட்டா அப்படித்தான் இருக்கும். பெரிய டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"எனக்கு முள் திரும்ப முளைக்கும்டி."

"முளைச்சதும் வாங்க, பேசிக்கலாம்" என்று பேச்சி வாசலை அடைத்தாள்.

நீதி: ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் முள்ளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவும்.